படிப்பகத்தின் சாவி

தலைமைப் பண்பு என்பது இன்று பயிற்சி முகாம்களின் சொல்லாகிவிட்டது. மூன்று நாள் முகாம், நான்கு உரைகள், இறுதியில் ஒரு சான்றிதழும் ஒரு குழுப் புகைப்படமும். கிராமத்துப் பதின்வயதினர் தலைவர்களாக உருவாக்கப்பட்டுவிட்டனர் என்று அறிக்கையும் எழுதப்பட்டுவிடும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் கடந்த முக்கால் நூற்றாண்டை நாம் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இளைஞர்களிடம் ஊர் ஏதேனும் ஒரு பொறுப்பை முழுமையாக ஒப்படைத்த காலங்களில்தான் அவர்களிடமிருந்து தலைமை எழுந்திருக்கிறது. ஒப்படைக்கத் தயங்கிய காலங்களில் முகாம்கள் மட்டுமே நடந்திருக்கின்றன.

தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரியாத அம்மாவட்டத்தில் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு. தமிழகச் சராசரியோ 80. இந்த எண்களை முன்வைத்து இதனைப் பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் எழுத்தறிந்தோர் இதனினும் மிகக் குறைவாக இருந்த காலத்தில்தான் இப்பக்கத்து ஊர்கள் பேச்சாளர்களையும் அமைப்பாளர்களையும் உருவாக்கின என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதற்கான நாற்றங்கால் படிப்பகம். 1940களிலும் 50களிலும் திராவிட இயக்கத்தார் தமிழகச் சிற்றூர்களில் எழுப்பிய படிப்பகங்களும் மன்றங்களும் பெரும்பாலும் கீற்றுக் கொட்டகைகளே. ஒரு பலகை, சுவரில் தலைவர்களின் படங்கள், இரண்டு மூன்று ஏடுகள். விடுதலையோ திராவிட நாடோ முரசொலியோ வந்து சேர்ந்ததும், எழுத்தறியாத பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டும் வேலை பள்ளி செல்லும் பையனுக்கு வாய்க்கும். ஊரின் மூத்தோர் காதுகொடுத்துக் கேட்க ஒரு சிறுவன் வாய்திறப்பது என்பது அதுவரை கிராமம் அறியாத ஒழுங்கு. சந்தா வசூலிப்பது, கணக்கு நோட்டு எழுதுவது, கூட்டத்திற்கு அனுமதி பெறுவது, ஒலிபெருக்கிக்காரரிடம் வாடகை பேசுவது, பேச்சாளரை எதிர்கொண்டு அழைத்து வருவது ஆகியவை அடுத்தடுத்த பாடங்கள். நன்றியுரையில் தொடங்கியவன் சில ஆண்டுகளில் தலைமையுரைக்கு வந்துவிடுவான். திருவாரூரில் மாணவ நேசன் என்னும் கையெழுத்து ஏட்டைப் பதின்வயதிலேயே நடத்திய கருணாநிதியை நாம் எல்லோரும் அறிவோம். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த ஆ. கோவிந்தசாமி, உழவர் அரசியலின் வழியே 1952-இல் சட்டமன்றம் சென்று, 1967-இல் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றவர். இவ்விருவரையும் போல் வரலாற்றில் பெயர் பதியாத ஆயிரக்கணக்கானோர்க்கு அந்தக் கொட்டகையே கல்லூரி.

ஆயினும் படிப்பகத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. அதன் பலகையில் பெண்பிள்ளைக்கு இடமில்லை. ஊர்த்தெருவின் மன்றமும் சேரியின் மன்றமும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருந்தன. ஒரே தலைவரின் படம் இரண்டு சுவர்களிலும் தொங்கியும் அச்சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் குறையவில்லை. 1978 சூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதை நினைவுகூராமல் இம்மாவட்டத்தின் இளைஞர் அமைப்புகளின் வரலாற்றை எழுத இயலாது. தன் தெருவுக்கு மட்டும் தலைவனாகப் பழகுவதும் ஒரு பயிற்சிதான். அப்பயிற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தச் சூலை மாதம் சாட்சி.

அரசு இத்துறைக்குள் வந்தது சற்றுப் பின்னர். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. 1972-இல் நேரு இளைஞர் மையங்கள் வந்தன. இரண்டும் நற்பணிகள் ஆற்றியுள்ளன, அதில் ஐயமில்லை. எனினும் முன்னதில் கல்லூரி மாணவர் கிராமத்திற்கு விருந்தாளியாகச் சென்று தூய்மைப் பணி செய்து திரும்புகிறார். அக்கிராமத்துப் பதினைந்து வயதுப் பிள்ளை வேடிக்கை பார்க்கிறது. பின்னது ஊர் இளைஞர்களையே மன்றங்களாகத் திரட்டியது. ஆனால் கைப்பந்தும் கோப்பையும் வந்து சேர்ந்த வேகத்தில் முடிவெடுக்கும் உரிமை வந்து சேரவில்லை.

இதற்கு நெடுங்காலம் முன்பே வங்கத்தில் தாகூர் மாற்று வழியொன்றைத் தேடிப் பார்த்திருக்கிறார். எல்ம்ஹர்ஸ்டின் துணையோடு 1922 பிப்ரவரியில் சுருல் கிராமத்தில் அவர் தொடங்கிய பணியே பின்னாளில் ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்றது. அங்கே விரதி பாலகர் என்ற பெயரில் கிராமத்துச் சிறுவர்களே அணிகளாகத் திரட்டப்பட்டனர். தீப்பிடித்தால் அணைப்பது, மலேரியாவைத் தடுக்கக் குட்டைகளைச் சீர்செய்வது, ஊரைத் துப்புரவாக வைத்திருப்பது ஆகியவை அவர்களின் கடமைகள். வெளியூரார் வந்து செய்துவிட்டுப் போகும் பணிக்கும் உள்ளூர்ப் பிள்ளையின் பொறுப்பில் விடப்படும் பணிக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெளிவாயிற்று.

அத்தெளிவு தமிழகத்தில் பெருமளவில் கைகூடியது அறிவொளி இயக்கத்தில். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைந்து, 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டபின், விழுப்புரத்தின் அண்டை வீடான புதுச்சேரியிலும் பின்னர் புதுக்கோட்டையிலும் அவ்வியக்கம் வேரூன்றிற்று. அங்கிருந்து படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று. ஊதியம் இல்லாத தொண்டர்களில் பள்ளி, கல்லூரி வயதினர் ஏராளம். அவர்களில் பெண்கள் கணிசம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இரவில் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து சென்று, தன் தாயின் வயதுடையோர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். படிப்பகம் அவளுக்கு மறுத்த இடத்தை அறிவொளி தந்தது. புதுக்கோட்டையில் அவள் மிதிவண்டியும் ஓட்டினாள். ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ நூலைப் படித்தவர்கள் இதனை உணர்வார்கள்.

ஆனால் இயக்கம் முடிந்ததும் அத்தொண்டர்களை யாரும் தொடர்ந்து தேடவில்லை. 1990களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டுக்கு வந்த மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும், மூன்றில் ஒரு பங்கு இடம் மகளிர்க்கு ஒதுக்கப்பட்ட 1996 உள்ளாட்சித் தேர்தலுக்கும் சிலர் சென்றனர். ஏனையோர் திருமணமாகியும் வேலை தேடியும் கலைந்தனர்.

எந்தக் கொட்டகையும் எட்டாத பிள்ளைகளும் உண்டு. திண்டிவனத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி முன்னின்று 1990களில் அமைத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் நமக்கு அதைக் காட்டிக் கொடுத்தது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் மேற்படிப்பே அடைபட்டுப்போகும் இருளர் பிள்ளைக்கு, வட்டாட்சியர் அலுவலகத்தில் அஞ்சாமல் நின்று மனுக் கொடுப்பதே முதல் தலைமைப் பாடம். அதைக் கற்பிக்கும் முகாமை நாம் இன்னும் கண்டதில்லை.

2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்ட இடம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். பெருந்தொற்றால் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பள்ளி காணாத குழந்தைகளுக்கு, அவ்வூர்த் தன்னார்வலரே மாலையில் ஒன்றரை மணிநேரம் கற்பித்தார்; மதிப்பூதியம் அப்போது மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. மாநிலமெங்கும் முன்வந்தோரில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். அறிவொளியின் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் மகள் என்றே இவர்களை நாம் எண்ணிப் பார்க்கலாம். தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேருமா என்பதே நம் கவலை. இன்னொரு பக்கம் பழைய மன்றமும் மறையவில்லை. 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டியை அடுத்த வி. சாலையில் நடிகர் விஜயின் கட்சி நடத்திய முதல் மாநாட்டுக்குப் பெருந்திரளாக வந்த இளைஞர்கள் அதற்குச் சான்று. கூடுவதற்கான ஆவல் கிராமத்துப் பிள்ளைகளிடம் என்றும் குறைந்ததில்லை. கூடியபின் கையில் எடுத்துச் செய்ய ஒரு வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குக் கிராம சபையில் வாக்கில்லை. பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் ஊர் அவர்களைக் குழந்தையாகவும் நடத்துவதில்லை, குடிமகனாகவும் ஏற்பதில்லை. அந்த இடைவெளியில்தான் பலர் செங்கல் சூளைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகின்றனர். இதற்கு மற்றுமொரு புதிய திட்டம் வேண்டுமென்று நாம் கோரவில்லை. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்தின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பூட்டிக் கிடப்பவை பல. அவ்வூர்ப் பதின்வயதினர் ஐவரிடம், ஊர்த்தெருவிலிருந்தும் சேரியிலிருந்தும், ஆணும் பெண்ணுமாக, அதன் சாவியையும் கணக்கு நோட்டையும் ஓராண்டுக்கு ஒப்படைக்கலாம். எந்த நூல் வாங்குவது, எப்போது திறப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆண்டிறுதியில் கிராம சபையில் எழுந்து நின்று கணக்கை அவர்களே படிக்கட்டும். நூல்கள் சில தொலையக்கூடும், கணக்கில் பிழையும் வரக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை பெரியவர்களுக்கு வேண்டும். பழைய படிப்பகத்து மூத்தோர்க்கு அப்பொறுமை இருந்தது.