தண்டவாளமும் சமாதானமும்: போடிநாயக்கனூர் தரும் வரலாற்றுப் பாடம்

போர் ஓய்ந்த நாளை வரலாறு துல்லியமாகக் குறிக்கின்றது. 1945 மே 8-இல் ஐரோப்பாவில் போர் முடிவுற்றது; செப்டம்பர் 2-இல் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டது. ஆயின் சமாதானம் எந்நாளில் வந்தது? இக்கேள்விக்கு எளிதில் விடை கூற இயலாது. ஏலமலைச் சரிவின் அடியில் அமைந்த போடிநாயக்கனூரின் வரலாறு இதைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியாக மலையிறங்கி, கோட்டகுடியைக் கடந்து போடிக்கு வந்துகொண்டிருந்தது. ஏலமும் காப்பியும் மலைப்பாதைகளில் இறங்கின. 1928-இல் மதுரையிலிருந்து இருப்புப்பாதை இந்நகரை எட்டியபோது, மலைவிளைபொருளுக்குப் புதிய வாயில் திறந்தது.

இரண்டாம் உலகப் போர் அவ்வாயிலை அடைத்தது. இந்தியாவின் எஞ்சின்களும் பெட்டிகளும் தண்டவாளங்களும் மத்தியக் கிழக்குப் போர்முனைகளுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. போர்த்தேவைக்காகப் பெயர்க்கப்பட்ட கிளைப்பாதைகளுள் போடிப் பாதையும் ஒன்று. சொரனூர்–நிலம்பூர், மொரப்பூர்–ஓசூர், திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ஆகிய பாதைகளும் அக்காலத்தில் மறைந்தன. இவற்றுள் கிருஷ்ணகிரிப் பாதை பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்கும் நோக்குடன் அமைக்கப்பட்டதென்பது கருதத்தக்கது. 1942-இல் பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. திருவிதாங்கூர் அரசு மலைக்காடுகளை உணவுப்பயிர் விளைவிக்கத் திறந்துவிட்டது. உணவு அரிதான அதே நாள்களில் அதைச் சுமக்கும் ரயிலும் இல்லாதுபோயிற்று. பெட்ரோல் கட்டுப்பாட்டால் லாரிகளும் கரிவாயுவை நம்பி ஓடின.

போர் முடிந்தவுடன் தண்டவாளம் திரும்பிவிடவில்லை. போடிக்கும் நிலம்பூருக்கும் அது 1950-களில்தான் மீண்டது. கிருஷ்ணகிரிக்கோ மீளவே இல்லை.

போர்க்கருவி உழவுக்கருவியாகும் நாளை ஏசாயா கண்டார் (2:4). உழவுக்கருவியே போர்க்கருவியாகும் நாளை யோவேல் உரைத்தார் (3:10). போடியில் முதலில் நிறைவேறியது யோவேலின் சொல்லே. ஏசாயாவின் தரிசனம் தானாக நிறைவேறுவதில்லை. எடுத்ததை எவரேனும் திருப்பிக் கொணரவேண்டும்.

எபிரெயத்தில் சமாதானத்தைக் குறிக்கும் ஷாலோம் என்னும் சொல்லும், பறித்ததை ஈடுசெய்தலைக் குறிக்க யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம் ஆளும் வினைச்சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஒருவன் மாட்டைத் திருடியவன் திருட்டை நிறுத்தினால் மட்டும் போதாது, ஈடு செலுத்தவேண்டும். அங்ஙனமே, துப்பாக்கி ஓய்வது போரின் முடிவு. பறிபோனது ஏழைக்குத் திரும்புவதே சமாதானத்தின் தொடக்கம்.

ஆகவே, சமாதானத்திற்காக மன்றாடும் சபை, உடன்படிக்கை கையொப்பமான நாளோடு தன் மன்றாட்டை முடித்துக்கொள்ளலாகாது. எவருடைய பாதை பெயர்க்கப்பட்டது, அது அவருக்குத் திரும்பியதா என்று கேட்பதும் அம்மன்றாட்டின் பகுதியே. திருப்பணிக்கு ஆயத்தமாகும் நாம் அதைக் கேட்கத் தவறினால், நம் பீடங்களில் ஒலிக்கும் சமாதானம் வெறுஞ்சொல்லாகவே நிற்கும்.