ஜல உஷா: பாரம் சுமந்த மரக்கலம்

சாணக்யபுரிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். இப்பகுதியின் பெயருக்குரிய சாணக்கியர் இயற்றியதாகப் போற்றப்பெறும் அர்த்தசாஸ்திரம், கப்பல்களைக் கண்காணிக்கும் அதிகாரியின் கடமைகளுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளது. நம் பட்டினப்பாலையோ, புலிப்பொறி இட்ட சரக்குகள் புகார்த் துறையில் மலையெனக் குவிந்திருந்ததைக் காட்டுகிறது. இத்துணைத் தொன்மை வாய்ந்த நாடு, பிற்காலத்தே அயலார் கப்பல்களுக்குக் கூலி கொடுத்துத் தன் பொருளை அனுப்பும் நிலைக்கு ஆளாயிற்று.

அந்நிலையை மாற்ற முனைந்து 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார் வ.உ.சிதம்பரனார். அவர் சிறைப்பட்டார், கம்பெனியும் 1911இல் கலைக்கப்பட்டது. ஆயினும் எண்ணம் அழியவில்லை. 1919இல் பம்பாயில் எழுந்த சிந்தியா கம்பெனி, கப்பல் ஓட்டினால் மட்டும் போதாது, கப்பலைக் கட்டவும் வேண்டும் எனத் துணிந்தது. வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் விசாகப்பட்டினத்தில் அமைந்த தளத்திற்கு 1941 ஜூன் 21 அன்று இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் அவ்வூரில் குண்டு வீசின, பணி தடைப்பட்டது.

போர் ஓய்ந்தபின் அத்தளத்தில் உருவானதே ‘ஜல உஷா’. 8,000 டன் பாரம் தாங்கும் அக்கப்பலை 1948 மார்ச் 14 அன்று பிரதமர் நேரு நீரில் இறக்கிவைத்தார். விடுதலை பெற்ற பாரதம் கடலுக்கு ஈந்த முதற் பெருங்கப்பல் அது. குலோத்துங்க சோழபட்டினம் எனச் சோழர் காலத்தில் வழங்கப்பெற்ற விசாகப்பட்டினம், அன்று சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

விழா ஒரு நாளோடு முடியும்; கப்பலின் வாழ்வு அதன்பின்னரே தொடங்கும். கல்கத்தாவிலிருந்து நிலக்கரி தெற்கே வரும். தூத்துக்குடி உப்பு வடக்கே செல்லும். இவையே அக்காலக் கரையோரக் கப்பல்களின் நாளாந்தப் பணி. கடைசித் துறையில் இறக்க வேண்டிய சரக்கை முதலில் அடியில் அடுக்க வேண்டும். இருபுறமும் எடை ஒத்திருக்க வேண்டும். ஈரம் தாக்காதபடி மூட்டைகளின்கீழ்ப் பலகை பரப்ப வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் சரக்குக்கோ கப்பலுக்கோ கேடு நேரும். துறைமுகத் தொழிலாளர் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கியமையால், கப்பல்கள் பயணத்திற்கு ஈடாகத் துறையிலும் பல நாள் கழித்தன. 1956இல் அமெரிக்காவில் தலைகாட்டிய பெட்டகக் கப்பல் முறை, உலகெங்கும் பரவி அவ்வுழைப்பின் உருவத்தையே மாற்றிவிட்டது.

நீரில் இறக்கியவரின் பெயரை வரலாறு பொறித்து வைத்துள்ளது. கொதிகலனருகே வெந்தவர், சரக்கறையில் முதுகு வளைத்தவர் பெயர்களை நாம் அறியோம். பிழைப்பு நாடி ஊர் கடந்து வந்த நம் குடும்பங்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. ஒரு நாட்டின் தற்சார்பு கொடியேற்றத்தில் பிறக்கலாம். அது நிலைபெறுவது பெயரறியாத தோள்களின்மேல்தான்.