குளிரிலிருந்து வெயிலுக்கு: திருகோணமலையா, யாழ்ப்பாணமா?

பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் கிடையாது. ஜூன், ஜூலை மாதங்களில் பகல் இரண்டு மணிக்கே எங்கள் பக்கம் மூடுபனி இறங்கிவிடும். துணி காய நான்கு நாள் ஆகும். அதே நேரத்தில் கோச்சியில் ஏறி ஓகியா பக்கத்துச் சுரங்கத்தைத் தாண்டினால் மறுபக்கம் பளிச்சென்று வெயில் அடிக்கும். சின்ன வயதில் எங்களுக்கு வெயில் என்பது அடுத்த ஸ்டேசனில் இருக்கும் ஒரு பொருள்.

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் குளிரைத் தேடி இங்கு வருகிறவர்களுக்கு ஆயிரம் வழிகாட்டிகள் உண்டு. ஹோட்டன் சமவெளிக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், அம்பேவெலவில் எங்கே பால் குடிக்கலாம் என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். இங்கேயே பிறந்து கம்பளிக்குள் வளர்ந்தவர்கள் நாலு நாள் வெயில் காய எங்கே போவது என்று யாரும் எழுதவில்லை. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளையும் சொந்தக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பல தடவை போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு வருசமும் யாராவது வந்து "சேர், எதுக்குப் போறது நல்லம்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் என் பதில் மாறும்.

ஊரைத் தெரிவதற்கு முன் மாதத்தைத் தெரிய வேண்டும். இதில் நானே ஒரு தடவை ஏமாந்தேன். எங்கள் குடும்பங்களின் கையில் ஓரளவு காசு சேர்வது தீபாவளி முற்பணம் கிடைக்கும் காலத்தில். அதன் பின்னால் டிசம்பர் பாடசாலை விடுமுறை வருகிறது. காசும் லீவும் ஒன்றாக வருவதால் ஆட்கள் அப்போதுதான் வான் பிடிக்கிறார்கள். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை கொட்டுவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை; கிழக்கில் ஜனவரியிலும் இழுக்கும். அப்படியொரு டிசம்பரில் திருகோணமலைக்குப் போய் மூன்று நாளும் அறைக்குள் இருந்து கரம் விளையாடிவிட்டு வந்தோம். கடல் கறுத்து, அலை ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. மழையைப் பார்க்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, அது எங்கள் வாசலிலேயே பெய்கிறது.

எங்களை நனைக்கும் அதே காற்றுத்தான் அவர்களைக் காய வைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் கணக்கு இலகு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தை எல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. கிழக்கில் அதைக் கச்சான் காற்று என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் காலத்துக் காற்றுக்குச் சோளகம் என்று பெயர். ஆகவே ஓகஸ்ட் விடுமுறைதான் இரண்டு ஊருக்கும் சரியான நேரம். தீபாவளிக் காசில் ஒரு பகுதியை எட்டு மாதம் ஒதுக்கி வைக்கச் சொல்வது லேசு, வைப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். எங்கள் டிவிசனில் நாலைந்து குடும்பம் சேர்ந்து சீட்டுப் போட்டு, எடுக்கும் முறையை ஜூலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் பலித்த வழி. டிசம்பரில்தான் போயாக வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு காலி, மாத்தறைப் பக்கம் போங்கள். அந்தக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி.

இனி ஊர்களுக்கு வருகிறேன். கடலுக்காகவே போகிறவர் திருகோணமலைக்குப் போக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. உப்புவெளியும் நிலாவெளியும் மணல் நீண்ட கரைகள். ஓகஸ்ட்டில் அலை குளத்துத் தண்ணீரைப் போலத்தான் இருக்கும். நிலாவெளிக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. படகில் போய் முகமூடி போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டால் பவளப்பாறையும் மீன்களும் தெரியும். படகுக் காசு, நுழைவுச் சீட்டு, முகமூடி வாடகை எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகைதான். புதிதாகக் கல்யாணம் கட்டியவர்களுக்கும், கொழும்பில் வேலை செய்து லீவில் வரும் இளவட்டங்களுக்கும் அது தகும். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நகரத்துக் கரையே போதும். அங்கே காசு கேட்பவர் இல்லை, பின்னேரம் கடலை வண்டியும் வடை வண்டியும் வரும்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது. ஆற்றையும் நீர்வீழ்ச்சியையும் தூரத்திலிருந்து பார்த்துப் பழகியவர்கள், அமைதியான கடலைக் கண்டதும் ஆழம் தெரியாமல் இறங்கிவிடுவார்கள். பாடசாலைச் சுற்றுலாவில் நான் ஒரு கயிற்றைக் கரையோரமாக இரண்டு ஆசிரியர்கள் கையில் கொடுத்து, முழங்காலுக்கு மேல் யாரும் போகாமல் பார்த்துக்கொள்வேன். பிள்ளைகள் திட்டுவார்கள், பரவாயில்லை.

கோணேஸ்வரத்துக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போக வேண்டும். பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். இப்போது அந்த வழியில் மான்கள் நடக்கின்றன. வயதானவர்களுக்கு ஏற்றம் கொஞ்சம் சிரமம், ஓட்டோ பிடித்தால் பெரும்பகுதி குறையும். கோயில் பின்னால் மலை நேராகக் கடலுக்குள் விழுகிறது. எங்கள் அம்மாவுக்கு அதைக் கண்டதும் தோட்டத்து மலைச்சரிவுதான் ஞாபகம் வந்தது. "இதுல எப்படிக் கொழுந்து பறிப்பாங்க?" என்றார்.

அம்மா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதி கைக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: கடலைப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி வேறு. அவரைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போனேன். நகரத்திலிருந்து சில மைல் தூரம். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. இராவணன் தன் தாயாருக்குக் கிரியை செய்த இடம் என்பது ஐதீகம், இன்றும் அங்கே இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய வருகிறார்கள். கோயில் நிலம் தொடர்பாக 2019இல் பெரிய போராட்டமும் நடந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பக்கம். விறகு பொறுக்கி, ஊதி, ஒரு வாளி சுடுதண்ணி வைக்க முக்கால் மணித்தியாலம் செலவழித்த மனுசி அவர். விறகில்லாமல் நிலத்துக்குள்ளிருந்து சுடுதண்ணி வருகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பன்னிரண்டு வாளி ஊற்றிக்கொண்டார், நான் எண்ணினேன்.

யாழ்ப்பாணம் வேறு விதமான வெயில். அங்கே கடல் சுற்றிவர இருக்கிறது, ஆனால் ஊரின் மையம் கடல் இல்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரை நன்றாக இருக்கும். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு நிலாவெளியைவிட அது பாதுகாப்பு. ஆனால் நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் போக வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியவர்கள் கோயில், தீவு, சாப்பாடு, சரித்திரம் என்று தேடுகிறவர்கள். முழங்கால் வலிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊர் முழுவதும் மேசை போலச் சமதரை. பிறந்த நாள் முதல் படியேறியே தேய்ந்த கால்களுக்கு அதுவே ஒரு வைத்தியம்.

நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில் வரும். பெரும்பாலும் ஓகஸ்ட்டில் விழுவதால் எங்கள் விடுமுறையோடு ஒத்துப்போகும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அருச்சனைச் சீட்டு நெடுங்காலமாக ஒரு ரூபாதான். தேர், தீர்த்தம் நாட்களில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை இரண்டு மடங்கு. ஆகவே கொடியேறிய முதல் வாரத்தில் போவது புத்தி. நயினாதீவுக்குக் குறிகட்டுவான் வரை பஸ், பிறகு கால் மணித்தியாலப் படகு. நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகதீப விகாரையையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். நெடுந்தீவுக்குப் போவதென்றால் ஒரு முழுநாளை அதற்கே ஒதுக்க வேண்டும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களை அந்தப் படகில் ஏற்றாதீர்கள். கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு. பெரிய வகுப்புப் பிள்ளைகளுடன் போனால் பொது நூலகத்தைத் தவறவிட வேண்டாம். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட கட்டடத்தின் இடத்தில் அவர்களை நிறுத்தி அதைச் சொல்லும்போது, வகுப்பில் கேட்காதவனும் கேட்பான்.

தண்ணீர் மட்டும் ஒத்துவராது. பீலித் தண்ணி குடித்து வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் சவர்ப்பாக இருக்கும், தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும். குடிக்கப் போத்தல் தண்ணீருக்கென்று ஒரு தொகை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இந்தக் குறையை ஈடுசெய்துவிடும்.

இன்னொரு விசயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வருசத்துக்கு முன் நான் முதல் தடவை அப்பாவோடு யாழ்ப்பாணம் போனபோது, ஒரு தங்குமிடத்தில் எங்கள் அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தைப் பார்த்ததும் முகாமையாளரின் குரல் மாறியது. "தோட்டக்காட்டு ஆக்களோ?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். அறை இல்லை என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை, பையைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதன் பிறகு போன தடவைகளில் எனக்கு அப்படி நேரவில்லை. போன முறை தங்கிய வீட்டில் அந்த அம்மா எங்கள் பிள்ளைகளுக்கு ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்து, "மலையிலயிருந்து வந்த பிள்ளையள், வெயிலுக்கு வாடிப்போச்சுதுகள்" என்று விசிறிவிட்டார். இரண்டும் ஒரே ஊரில் நடந்தவைதான். முதலாவதைக் கேள்விப்பட்டு, அங்கே போகவே மாட்டேன் என்கிறவர்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. திருகோணமலைக் கடைத்தெருவில் தமிழும் சிங்களமும் கலந்தே கேட்கும். யார் எங்கிருந்து வந்தார் என்று அங்கே என்னை யாரும் விசாரித்ததில்லை.

ஆனால் வடக்கே சொந்தம் உள்ளவர்களுக்கு யாழ்ப்பாணப் பாதை வேறு அர்த்தம் தரும். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் என்று கிளிநொச்சியில் கேட்டுப் பாருங்கள், உங்கள் தோட்டத்தின் பெயரைத் தெரிந்த ஒருவராவது இருப்பார். ஏ9 பாதையில்தான் கிளிநொச்சி. போகும்போது ஒரு இரவும் வரும்போது ஒரு இரவும் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அறைச் செலவில் பாதி மிச்சம். என் பெரிய மாமா 1977க்குப் பிறகு அங்கே போனவர். யுத்த காலத்தில் பாதை மூடியும் திறந்தும் கிடந்ததில் அம்மா அவரை இருபது வருசத்துக்கு மேல் பார்க்கவில்லை. எங்கள் இரண்டாவது யாழ்ப்பாணப் பயணத்தில் நாங்கள் யாழ்ப்பாணம் போய்ச் சேரவே இல்லை, நாலு நாளும் மாமா வீட்டு மாமர நிழலிலேயே முடிந்தது. கத்தோலிக்கக் குடும்பங்கள் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டுக்குமே கொழும்பு வரை போகத் தேவையில்லை. கோச்சியில் போகிறவர்கள் பொல்கஹவெல சந்தியில் இறங்கி வடக்குப் பாதை ரயிலுக்கு மாறலாம். திருகோணமலை ரயில் மாகோவில் பிரிந்து கல்ஓயா வழியாகப் போகும். யாழ்ப்பாணப் பாதை 1990இல் நின்று, 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நேர அட்டவணை அடிக்கடி மாறும், மலைப்பாதையில் மண்சரிவும் வரும், ஆகவே புறப்பட முதல்நாள் ஸ்டேசனில் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் என்றால் நுவரெலியாவிலிருந்து கண்டி, அங்கிருந்து இரண்டு ஊருக்கும் நேரடி பஸ் உண்டு. திருகோணமலை கிட்ட, யாழ்ப்பாணம் அதைவிடப் பல மணித்தியாலம் கூட. நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு வானைவிட பஸ்தான் கட்டுபடி. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் வான்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல்நாள் பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே போக வேண்டாம். 33, 34 பாகை எங்கள் உடம்புக்குப் புதிது. பிள்ளைகளுக்கு வேனல் கட்டி வரும், பெரியவர்களுக்குத் தலை சுற்றும். தேசிக்காய்த் தண்ணியில் உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுங்கள். கம்பளி பெனியனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, திரும்பி வரும் இரவில் நானுஓயாவைத் தாண்டும்போது அது தேவைப்படும் என்பது அவர்கள் நியாயம்.

இந்த ஓகஸ்ட்டுக்கும் வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. அக்கா மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். மாமாவுக்கும் வயதாகிவிட்டது. சீட்டுக் காசு ஒரு பயணத்துக்குத்தான் வரும். அம்மாவிடம் கேட்டேன். மாமாவை இங்கே வரச் சொல்ல முடியாதா என்று கேட்டார்; பிறகு, அவருக்கு இந்தக் குளிர் இனித் தாங்காது என்று அவரே சொன்னார். யாழ்ப்பாணம் என்று முடிவாகியிருக்கிறது. கீரிமலைத் தண்ணி சூடாக இருக்குமா என்று நேற்றுக் கேட்டார். இல்லை, பச்சைத் தண்ணிதான் என்றேன்.