எழுதுகோலும் கணினியும்

ஓவியனுடைய கையைக் கணினியுட் புகுத்திய வரைபலகையின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

1888 ஆம் ஆண்டில் அமெரிக்கரான எலிஷா கிரே என்பார், ஓரிடத்தில் எழுதுவதைத் தொலைவிலும் அவ்வாறே எழுதிக்காட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கையசைவை மின்னோட்டமாக மாற்றலாம் என்பது அன்றே தெளிவாயிற்று. 1964 இல் கலிபோர்ணியாவிலுள்ள றாண்ட் நிறுவனத்தார் கணினிக்கெனப் பலகையொன்று அமைத்தனர். ஏறத்தாழப் பத்து அங்குலச் சதுரமான அதனுள் மெல்லிய செப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின; பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களை அது வேறுபடுத்தி அறிந்தது.

ஆயினும் அதன் எழுதுகோல் கம்பியாற் பிணிக்கப்பட்டிருந்தது. 1983 இல் யப்பானில் தோன்றிய வாக்கம் நிறுவனத்தார் அத்தளையை நீக்கினர். அவர்கள் வளர்த்த முறையில், பலகையே மின்காந்தத்தாற் கோலுக்கு ஆற்றலூட்டும். ஆகவே கம்பியும் வேண்டா, மின்கலமும் வேண்டா. அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கும், மெலியும்.

பொறி வந்தாற் கைத்திறன் அழியுமென முதியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் எள்ளேம். எனினும், கை பலகையிலும் கண் திரையிலுமாக வரைந்து பழகிய எமக்கு ஒன்று புலனாயிற்று: பயிலாத கையின் கோட்டைப் பலகை அழகாக்கித் தரவில்லை. கையைத் துறப்பதற்கன்று, கையைக் கணினி அறிவதற்கே பலர் இத்துணை ஆண்டுகள் உழைத்தனர். ஆதலின் இளைஞரே, முதலிற் பென்சிலும் தாளும் பழகுக. பின்னர்ப் பலகையைத் தொடுக.