முப்பது வருடக் குத்தகையும் மகள் வீடும்: கிழக்குக் கரையில் அரச காணி உரித்தின் வரலாறு

காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நீளும் கரையோர ஊர்களில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு மகளுக்குரியது. கலியாணத்தின்போது வளவும் வீடும் சீதனமாக எழுதப்படும். மருமகன் அங்கே வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு எழும்பும். இப்படிப் பெண்வழியாகச் சொத்தைக் கொடுத்த முக்குவர் வழமை 1876ஆம் ஆண்டின் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றத்தில் வலுவிழந்தது. ஊரில் அது வலுவிழக்கவில்லை.

ஆனால் இது உறுதிக்காணிக்கு மட்டும் பொருந்துகிற கதை. பெர்மிட்டிலோ நீண்டகாலக் குத்தகையிலோ இருக்கிற அரச காணியில் அடுத்த உரித்தாளர் யார் என்பதை ஊர் வழக்கம் தீர்மானிப்பதில்லை. குத்தகை நீடிப்பைப் பேசும்போது எல்லோரும் வருடங்களை எண்ணுகிறார்கள். இக்கரையின் வரலாற்றைப் பார்த்தால், யார் பெயரில் நீடிக்கிறது என்பதே பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது.

காடு, தரிசு, ஆள் குடியில்லாத நிலம் எல்லாம் முடிக்குரியவை என்ற ஊகத்தை 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறுவியது. அடுத்த திருப்பம் கிழக்கிலேயே தொடங்கியது. 1920களில் மட்டக்களப்பில் அரச அதிபராக இருந்த சி. வி. பிரேய்ன், நிலமில்லாத விவசாயிக்குக் காணி கொடுத்து, அதை விற்கவும் ஈடு வைக்கவும் துண்டாடவும் தடை விதிக்கும் முறையொன்றை நடைமுறைப்படுத்தினார். காரைதீவு அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவும் இதே சிந்தனையை ஏற்றது. டி. எஸ். சேனாநாயக்க அமைச்சராக இருந்தபோது 1935இன் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. முதலில் பெர்மிட், நிபந்தனைகளை நிறைவேற்றினால் அளிப்புப் பத்திரம். காணிக் கச்சேரியில் ஆளைத் தெரிந்தெடுத்தார்கள்.

வட்டிக்காரரிடமும் போடியாரிடமும் ஏழையின் காணி போய்விடக்கூடாது என்பதே நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. சிக்கல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாமலும் வாழ்க்கைத்துணை இல்லாமலும் உரிமையாளர் இறந்தால், மகன் முதலில், மகள் பிறகு. பேரன் முதலில், பேத்தி பிறகு. ஒரே தரத்தில் பலர் இருந்தால் மூத்தவர். மகளை மையமாக வைத்து வளவைப் பகிர்ந்துகொண்ட ஊர்களுக்கு, ஆணை முன்னிறுத்தி ஒருவருக்கே கொடுக்கும் விதி மேலிருந்து வந்து இறங்கியது. நியமனம் பெறாத மனைவி கணவனின் காணியை அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால் அதையும் இழப்பாள்.

வியாபாரக் கட்டடங்களுக்கும் சில குடியிருப்புகளுக்கும் வேறொரு வழி உண்டு: 1947இன் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழான நீண்டகாலக் குத்தகை. காணி ஆணையாளர் நாயகத்தின் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். காலம் 30 வருடம். பிரதம மதிப்பீட்டாளரின் மதிப்பு ஐம்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைவானால் வருடக் குத்தகை அதில் 2 வீதம், கூடினால் 4 வீதம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 20 வீதம் ஏறும். ஒரு வருடத்துக்குள் காணியை அபிவிருத்தி செய்ய வேண்டும். முதல் ஐந்து வருடத்தில் இன்னொருவருக்குக் கைமாற்ற அனுமதியில்லை. ஆட்சேபனை இருந்தால் ஆறு வாரத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். முப்பது வருடம் என்பது கிட்டத்தட்ட ஒரு தலைமுறை. தாய் எடுத்த குத்தகை முடியும்போது மகள் வீட்டுக்காரியாகியிருப்பாள். புதுப்பிக்கப் போகிறவளும் அவள்தான்.

ஒப்பிட்டுப் பார்த்தால், இங்கிலாந்தில் அடுக்குமாடி வீட்டின் குத்தகையாளருக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் 90 வருட நீடிப்பை உரிமையாகவே கொடுத்தது. 2024இல் இயற்றப்பட்ட சட்டம் அதை 990 வருடமாக்க வழிவகுத்தது. தகுதியுள்ளவர் உரிய தொகையைக் கட்டினால் நிலத்தின் சொந்தக்காரர் மறுக்க முடியாது. நமது அரச காணியில் நீடிப்பு ஒரு விண்ணப்பம். அதைத் தீர்மானிப்பதும் காணியின் சொந்தக்காரரான அரசுதான். பத்து வருட ஆட்சியால் காணி சொந்தமாகிவிடும் என்று ஊரில் சொல்லும் வாதமும் எடுபடாது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் அரசுக்கெதிராகச் செல்லாது.

ஊர் வழக்கத்துக்கும் அரச காகிதத்துக்கும் இடையிலான முரண் வெளிச்சத்துக்கு வந்தது 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டத் தடை வந்தது. இழந்தவை பெரும்பாலும் பெண்களின் சீதன வீடுகள். மாற்று வீடுகள் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவருக்கு எழுதப்பட்டன. பெண் கடலிடம் ஒருமுறையும் காகிதத்திடம் ஒருமுறையும் வீட்டை இழந்தாள் என்பதே என் கணிப்பு.

திருத்தம் வர நீண்ட காலம் எடுத்தது. 2022இன் 11ஆம் இலக்கக் காணி அபிவிருத்தி (திருத்தச்) சட்டம் மூன்றாம் அட்டவணையின் ஆண்–பெண் பேதத்தை நீக்கியது. 2024இல் 'உறுமய' திட்டம், பெர்மிட் காணிகளைத் தடையற்ற உரித்தாக மாற்றுவதாக அறிவித்தது. ஆனால் வளவை மகள்மாருக்குப் பகிரும் வழக்கத்துக்கு மூன்றாம் அட்டவணையில் இன்னும் இடமில்லை. ஒருவரே உரித்தாளர் என்ற விதி அப்படியே இருக்கிறது. பின்னுரித்தாளர் நியமனம் உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே பதியப்படாவிட்டால் செல்லாது என்பதும் மாறவில்லை. பெர்மிட் காணியில் மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்திருப்பவர்கள், அவள் பெயர் பின்னுரித்தாளராகப் பதிவாகியிருக்கிறதா என்பதை இந்த மாதமே பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.