குருதி பிராணவாயுவை விடும் விதம்

நாம் உள்ளிழுக்கும் பிராணவாயு நுரையீரலில் குருதியோடு சேர்கிறது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்வாறு சேர்ந்த வாயு, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் எங்ஙனம் பிரிகிறது என்னும் வினாவோ அறிஞர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அலைக்கழித்தது. இரும்பு துருப்பிடிப்பதும் பிராணவாயுவைப் பற்றுவதே. ஆனால், துருப்பிடித்த ஆணி தான் பற்றியதைத் திருப்பித் தருவதில்லை. குருதியிலுள்ள இரும்பு மட்டும் ஓயாமல் பற்றுகிறது, ஓயாமல் விடுகிறது.

குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று 1864-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹோப்பெ-ஸைலர். (மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதற்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடியதுண்டு, வழங்கும் பெயரே நேயர்களுக்கு எளிது என்று விட்டுவிட்டோம்.) அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஸ்டோக்ஸ், குருதிக் கரைசலிலிருந்து பிராணவாயுவை ஓர் இரசாயனப் பொருளால் கவர்ந்தார், செந்நிறம் ஊதாவாகக் கறுத்தது. காற்றோடு சேர்த்துக் குலுக்கினார். பழைய நிறம் மீண்டது. பற்றுவதும் விடுவதும் கண்கூடாயின. ஒரு லிட்டர் குருதியில் வெறுமனே கரைந்து நிற்கும் பிராணவாயு ஏறத்தாழ 3 மில்லிலிட்டரே. ஹீமோகுளோபினின் துணையால் அது 200 மில்லிலிட்டர் ஆகிறது.

விடுவதற்கு ஆணையிடுவது யார்? 1904-இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் தம் உதவியாளர் இருவருடன் இதற்கு விடை கண்டார். பௌதிக மேதை நீல்ஸ் போரின் தந்தை இவர். கரியமில வாயு மிகுந்தால் ஹீமோகுளோபினின் பிடி தளர்கிறது என்று அவர் அளந்து காட்டினார். உழைக்கும் தசை மிகுதியாக வெளியிடும் கழிவு அதுவே. ஆகவே எங்கே தேவை மிகுதியோ அங்கே சுமை இறங்குகிறது. ஓய்வில் இருக்கும்போது குருதி தன் சுமையில் கால் பங்கையே இறக்குகிறது. எஞ்சியது, ஓடும்போதும் மலையேறும்போதும் உதவும் கையிருப்பு.

விடாப்பிடியின் கொடுமையை வடநாட்டுக் குளிர்காலத்தில் வாழும் நம்மவர் அறிந்திருத்தல் நலம். கதவடைத்த அறையில் கரி அங்கீட்டி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஹீமோகுளோபினைப் பற்றுகிறது. அதுவுமன்றி, எஞ்சிய பிராணவாயுவையும் இறக்கவிடாமல் தடுக்கிறது. மணமில்லை, நிறமில்லை, உறங்குவோர் உறக்கத்திலேயே மாள்கின்றனர்.

இனி, பிடி தளர்வது எவ்வாறு என்பது. 1938-இல் ஹௌரோவிட்ஸ், பிராணவாயு நீங்கிய ஹீமோகுளோபின் படிகங்களை நுண்பெருக்கியில் நோக்கினார். ஓரத்திலிருந்து காற்று புகுந்ததும் ஊதா நிற அறுகோணத் தகடுகள் கரைந்து, செந்நிற ஊசிகள் முளைத்தன. வாயுவைப் பற்றும்போது மூலக்கூறே உருவம் மாறுகிறது என்பதற்கு இது சான்றாயிற்று.

அவ்வுருவத்தைக் காண முற்பட்டவர் வியன்னாவில் பிறந்த மாக்ஸ் பெரூட்ஸ். கேம்பிரிட்ஜில் 1937-இல் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு பணி தொடங்கினார். 1940-இல் பகைநாட்டார் என்று சிறைவைக்கப்பட்டுக் கானடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். மறு ஆண்டு மீண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட மூலக்கூறு. பலன் கிட்டுமா என்பதே ஐயம். 1953-இல் மூலக்கூறில் பாதரச அணுக்களைப் பொருத்தி வழி கண்டார். 1959-இல், 22 ஆண்டுகளுக்குப் பின், உருவம் புலப்பட்டது: நான்கு சங்கிலிகள், நான்கு இரும்பு அணுக்கள். 1962-இல் கெண்ட்ரூவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விடும் விதம் அப்போதும் புதிராகவே நின்றது. பரிசோடு அமைந்துவிடாமல் மேலும் 8 ஆண்டுகள் உழைத்தாரே, அதையே நாம் பெரிதும் போற்றுகிறோம்.

1970-இல் பெரூட்ஸ் வெளியிட்ட விளக்கம் இது. வாயு இல்லாதபோது இரும்பு அணு, தன்னைச் சூழ்ந்த தட்டையான வளையத்திலிருந்து சற்றே விலகி நிற்கிறது. பிராணவாயு சேர்ந்ததும் வளையத்தின் தளத்துக்கு நகர்கிறது. இம்மியளவான அவ்வசைவு, நான்கு சங்கிலிகளையும் இறுக்கி வைத்த மின்பிணைப்புகளை அறுக்கிறது. மூலக்கூறு நெகிழ்ந்து, மற்ற இரும்பு அணுக்களும் வாயுவை எளிதில் ஏற்கின்றன. தசைகளில் இதன் எதிர்மாறு. கரியமில வாயுவால் உண்டாகும் அமிலம் அப்பிணைப்புகளை மீண்டும் இறுக்குகிறது. இரும்பு வளையத்தை விட்டு விலக, பிராணவாயு கழல்கிறது. 1904-இல் போர் அளந்து கண்டதற்குக் காரணம் 66 ஆண்டுகள் கழித்து இவ்வாறு புலனாயிற்று.