சருகில் மேளம் தட்டும் ஓநாய்ச் சிலந்தி

பின்லாந்தின் ஈரமான காடுகளில் பனி உருகி, போன வருடத்துச் சருகுகள் வெயிலில் காயத் தொடங்கும் நாட்களில் தரையிலிருந்து ஒரு சத்தம் எழும். கடதாசியில் விரல் நகத்தால் வேகமாகத் தட்டுவது போலிருக்கும். தட்டுவது ஹைக்ரோலைக்கோசா ரூப்ரோஃபாசியாட்டா என்ற ஓநாய்ச் சிலந்தியின் ஆண். உடல் நீளம் 5, 6 மில்லிமீற்றர்தான். ஆனாலும் சில மீற்றர் தள்ளி நிற்பவரின் காதிலும் அது விழும்.

ஓநாய்ச் சிலந்திகளில் பெரும்பாலானவை வலை பின்னுவதில்லை, தரையில் ஓடித்திரிந்தே இரை பிடிக்கும். இரவில் டோர்ச் அடிக்கும்போது எங்கள் ஊர்ப் புல்லுக்குள் மின்னும் கண்களில் பலவும் இந்தக் குடும்பத்தினுடையவையே.

பெண்ணை அழைக்க ஆண் தன் வயிற்றைச் சருகில் அடுத்தடுத்து மோதும். ஒரு தடவை தட்டி முடிக்க ஏறக்குறைய ஒரு செக்கன். நனைந்த இலை இதற்கு உதவாது என்பதால், ஈரநிலத்தில் வாழ்ந்தாலும் மேடான இடத்துக் காய்ந்த சருகைத் தேடி ஏறும்.

இந்தச் சத்தத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. யூவாஸ்கிலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் அதை அளந்தார்கள். தட்டும்போது செலவாகும் சக்தி, சும்மா இருக்கும்போது செலவாவதைப் போல 22 மடங்கு. ஓடித்திரிவதைப் போல 4 மடங்கு. உணவு குறைந்த ஆண்கள் குறைவாகவே தட்டின. பக்கத்தில் பெண்களை விட்டபோது அதிகம் தட்டிய ஆண்கள் அதிகமாக இறந்தன. துணை தேடி அலைவதால் எதிரிகளிடம் அகப்படும் ஆபத்தும் கூடுகிறது.

பெண்கள் அடிக்கடி தட்டும் ஆணையே விரும்புகின்றன. ஆண் சீதனமும் கொண்டுவராது, குஞ்சுகளையும் பார்க்காது. பிறகு ஏன் இந்தத் தெரிவு? நன்றாகத் தட்டும் ஆண்களின் குஞ்சுகள் சற்றுக் கூடுதலாகப் பிழைக்கின்றன என்பதே அவர்களுடைய பரிசோதனையில் கிடைத்த விடை. பலவீனமான ஆணால் இப்படித் தட்டி ஏமாற்ற முடியாது.

அதன்பின் எல்லாச் சுமையும் தாய்க்குத்தான். முட்டைப்பையை உடலின் பின்நுனியில் ஒட்டிக்கொண்டே திரியும். பொரித்த குஞ்சுகள் அவளுடைய முதுகில் ஏறிக்கொள்ளும்.

பின்லாந்தில் பல இடங்களில் காணப்படும் இந்தச் சிலந்தி பிரித்தானியாவில் அரிது. அங்கே கிழக்கு இங்கிலாந்தின் எஞ்சிய சேற்றுநிலங்களில்தான் முக்கியமாக வாழ்கிறது. சுற்றியிருந்த ஈரநிலங்களில் பெரும்பகுதி விவசாயத்துக்காகத் தண்ணீர் வடிக்கப்பட்டு எப்போதோ வயல்களாகிவிட்டது.